பட்டுப்புழுவுக்கு இலைப் பக்குவம்

பட்டுப்புழு வளர்க்கும் உழவர் பெருமக்கள் முட்டை நல்லதா, வளர்ப்பு மனையைக் கிருமிநீக்கம் செய்தாயிற்றா, கூட்டுக்கு என்ன விலை என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். தோட்டத்தில் பறித்த மல்பெரி இலை, புழுவின் வாய்க்குப் போய்ச் சேரும் வரை எங்கே கிடந்தது, எப்படிக் கிடந்தது என்பதைப் பெரும்பாலும் யாரும் விசாரிப்பதில்லை. நன்றாக உரமிட்டு, நீர் பாய்ச்சி வளர்த்த இலையை வீட்டுக்குக் கொண்டுவந்து ஓர் இரவில் கெடுத்துவிட்டு, புழுவில் நோய் வந்துவிட்டதே என்று வருந்தும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் தருமபுரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றுக்கு அழைப்பின்பேரில் போயிருந்தேன். ஒரு ஏக்கர் மல்பெரித் தோட்டம் வைத்திருந்த அந்தக் குடும்பத்தார், இலையின் அளவைப் பார்க்காமல் 250 முட்டைத் தொகுதிகளுக்கான புழுக்களை வாங்கியிருந்தனர். ஐந்தாம் பருவம் நான்காம் நாளிலேயே தோட்டம் மொட்டையாகிவிட்டது. இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு தோட்டத்தில் இலை வாங்கி, டெம்போவில் இறுக்கி ஏற்றி, தார்ப்பாய் போட்டு மூடி, மாலையில் கொண்டுவந்தார்கள். அந்த இலையை மனைக்குப் பின்னால் மார்பளவு உயரத்துக்குக் குவித்து, அதே தார்ப்பாயால் மூடிவைத்து, இரவும் மறுநாள் காலையும் புழுவுக்குப் போட்டார்கள். இரண்டாம் நாள் புழுக்கள் சோர்ந்து, உடல் தளர்ந்து, எச்சம் இளகிக் கழியத் தொடங்கின. நான் போய்ச் சேர்ந்தபோது பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அந்தப் பருவத்தின் கூட்டைத்தான் நம்பியிருந்தார்கள்.

அந்த வீட்டு அம்மாள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "ராத்திரி இலை போடும்போதே கையை உள்ளே விட்டேனுங்க. சோத்துப் பானைக்குள்ள விட்ட மாதிரி சூடா இருந்துச்சு. சொன்னேன். இந்நேரத்துக்கு வேற இலைக்கு எங்கே போறது, போடுன்னுட்டாங்க" என்றார்.

அவருடைய கணவர் நான் நடத்திய பயிற்சிக்கு வந்திருந்தவர். ஊர் திரும்பியதும் என் பயிற்சிக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். மனை அமைப்பு, கிருமிநீக்கம், நோய்கள் எல்லாம் பக்கம் பக்கமாக இருந்தன. இலையைச் சேமிப்பது பற்றி, "ஈரச் சாக்கால் மூடி வைக்கவும்" என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. அந்த வரியும், இலையை நாள்தோறும் கையால் தொடும் அந்த அம்மாளின் காதுக்குப் போகவில்லை. பயிற்சிக்கு நான் ஆண்களை மட்டுமே அழைத்திருந்தேன். அன்று முதல் கணவன், மனைவி இருவரும் வந்தால்தான் பயிற்சி என்று வைத்துக்கொண்டேன். அந்த ஒரு வரியில் சொல்லாமல் விட்டதை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

புழுவுக்குச் சோறும் தண்ணீரும் இலையே

பட்டுப்புழு தனியாகத் தண்ணீர் குடிப்பதில்லை. அதற்கு வேண்டிய நீர் முழுவதும் இலையிலிருந்தே கிடைக்கவேண்டும். முட்டையிலிருந்து வெளிவரும்போது அரை மில்லிகிராம் எடைகூட இல்லாத புழு, 25 நாள் அளவில் 4 முதல் 5 கிராம் எடைக்கு வளர்கிறது. அதாவது ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு பெருக்கிறது. பட்டு நூலில் உள்ள புரதத்தில் பெரும்பகுதி இலையின் புரதத்திலிருந்தே உண்டாகிறது. ஆகவே இலை கெட்டால் புழு கெடும். புழு தப்பினாலும் கூடு மெலியும்.

இலையைப் பறித்துவிட்டால் அதன் உயிர் உடனே போய்விடுவதில்லை. பறித்த இலையும் மூச்சு விடுகிறது. மூச்சு விடும்போது தன்னிடமுள்ள சர்க்கரைப் பொருளைச் செலவழித்து வெப்பத்தை வெளியிடுகிறது. பரவலாகக் கிடந்தால் இந்த வெப்பம் காற்றோடு போய்விடும். இறுக்கிக் குவித்தால் உள்ளேயே தங்கும். வெப்பம் ஏற ஏற இலை இன்னும் வேகமாக மூச்சு விடும். சூடும் இன்னும் ஏறும். பின்னர் இலை புழுங்கி, நொதித்து, பாக்டீரியாக்கள் பெருகும். மேலே பார்த்தால் பச்சையாகத்தான் இருக்கும்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இலை காற்றுப்பட்டு வாடுகிறது. 100 கிலோ நல்ல இலையில் சுமார் 75 கிலோ நீரும் 25 கிலோ உலர்பொருளும் இருப்பதாகக் கொள்வோம். அந்த இலை வெயிலிலும் காற்றிலும் கிடந்து 80 கிலோவாகக் குறைந்தால், இழந்த 20 கிலோவும் பெரும்பாலும் நீர்தான். அப்போது இலையின் ஈரம் 75 சதவிகிதத்திலிருந்து 69 சதவிகிதத்துக்கு இறங்கிவிடும். புழு அதை அரைகுறையாகக் கடித்துவிட்டு ஒதுக்கும். ஒதுக்கிய இலை படுக்கையில் மட்கும். ஆகவே இலை வாடாமலும் இருக்கவேண்டும், புழுங்காமலும் இருக்கவேண்டும். இலைப் பக்குவம் என்பது இந்த இரண்டுக்கும் நடுவே நடப்பதுதான்.

புழு ஏன் மல்பெரியையே தின்கிறது என்பதை ஜப்பானிய விஞ்ஞானி ஹமமுரா 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆராய்ந்தார். இலையிலுள்ள சில பொருள்கள் மணத்தால் புழுவை அருகே இழுக்கின்றன. சில கடிக்கத் தூண்டுகின்றன. சில விழுங்கத் தூண்டுகின்றன என்று அவர் காட்டினார். இலை புதிதாக இருக்கும் வரைதான் இவை முறையாக வேலை செய்யும். புளித்த வாடை வீசும் இலையைப் புழு விரும்பாததில் வியப்பில்லை.

முட்டை வாங்கும் முன் இலையை எண்ணுங்கள்

வீட்டில் இலை கெடுவதற்கு முதற்காரணம் தோட்டத்தில் இலை போதாமல் போவதுதான். போதாதபோதுதான் தொலைவிலிருந்து வாங்கி, குவித்து, சூடேற்றிப் போடுகிறோம்.

உழவர்கள் 100 முட்டை என்று சொல்வது 100 முட்டைத் தொகுதிகளையே. வெண்பட்டுக் கலப்பினத்தில் 100 தொகுதிகளுக்குத் தேவைப்படும் இலை ஏறக்குறைய இவ்வாறு இருக்கும்:

முதல் பருவம்: 3 முதல் 4 கிலோ
இரண்டாம் பருவம்: 10 முதல் 12 கிலோ
மூன்றாம் பருவம்: 45 முதல் 50 கிலோ
நான்காம் பருவம்: 120 முதல் 130 கிலோ
ஐந்தாம் பருவம்: 750 முதல் 800 கிலோ

மொத்தத்தில் 100 முட்டைக்கு ஒரு டன் இலை என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். இது இலையின் எடை மட்டுமே. தண்டோடு வெட்டி நிறுத்தால் தண்டின் எடையும் சேரும்.

இந்தக் கணக்கில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. ஐந்தில் நான்கு பங்கு இலை கடைசி ஏழெட்டு நாளில் செலவாகிறது. நான்காம் பருவம் வரை தோட்டம் நிறைந்தே தோன்றும். "இலை நிறையக் கிடக்கிறதே" என்ற நினைப்பு அந்த நாட்களில்தான் வரும். ஐந்தாம் பருவத்தில் 100 முட்டைக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் இலை வேண்டும்.

ஆகவே முட்டைக்குச் சொல்லும் முன் தோட்டத்தின் பல இடங்களில் 10 செடிகளைத் தேர்ந்து, அவற்றின் இலையைப் பறித்து எடை போடுங்கள். எடுத்துக்காட்டாக, 10 செடிகளில் ஐந்தரை கிலோ கிடைத்தால் செடிக்கு 550 கிராம். மூன்றடிக்கு மூன்றடி இடைவெளியில் நட்ட ஓர் ஏக்கரில் 4,840 செடிகள் இருக்கும். மொத்தம் சுமார் 2,660 கிலோ. பழுத்தது, நோயுற்றது, செடி செத்த இடம் ஆகியவற்றுக்குப் பத்தில் ஒரு பங்கு கழித்தால் சுமார் 2,400 கிலோ. இந்தத் தோட்டத்துக்கு 200 முட்டை வாங்குவது அறிவுடைமை. 250 வாங்குவது கடன். அறுவடை வரை இன்னும் வளரும் இலையை லாபக் கணக்கில் சேர்க்காமல், மழைக்கும் பூச்சிக்கும் ஒதுக்கி வைப்பது நல்லது.

எந்தப் புழுவுக்கு எந்த இலை

கைக்குழந்தைக்கும் உழைக்கும் ஆளுக்கும் ஒரே சாப்பாடு போடுவதில்லை. புழுவுக்கும் அப்படியே.

முதல் பருவப் புழுவுக்கு மென்மையான, நீர் மிகுந்த இலை தேவை. கிளையின் நுனியிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தால் பளபளப்பாக, மற்ற துளிரிலைகளைவிடப் பெரிதாக ஓர் இலை தெரியும். அதையும் அதற்கு அடுத்த ஓரிரண்டு இலைகளையும் பறித்துப் போடலாம். நுனியிலுள்ள மடங்கிய துளிரைப் போடக்கூடாது. இரண்டாம் பருவத்துக்கு அதற்குக் கீழுள்ள சில இலைகள் ஏற்றவை. மூன்றாம் பருவம் முதல் நடுத்தர முதிர்ச்சியுள்ள இலையைத் தரலாம். நான்காம், ஐந்தாம் பருவங்களில் புரதம் மிகுந்த, நன்கு முற்றிய, ஆனால் மஞ்சள் தட்டாத இலை வேண்டும்.

இதை மாற்றிச் செய்தால் இரண்டு வகையிலும் கேடு. சின்னப் புழுவுக்கு முற்றிய இலையைப் போட்டால் கடிக்கமுடியாமல் பட்டினி கிடக்கும். தோலுரிப்பு ஒரே சீராக அமையாது. பெரிய புழுவுக்குத் துளிரிலையாகப் போட்டால் உடலில் நீர் மிகுந்து நோய்க்கு எளிதில் ஆளாகும்.

இப்போது தமிழ்நாட்டில் பெரும்பாலோர் இரண்டாம் தோலுரிப்பு முடிந்த புழுக்களை இளம்புழு வளர்ப்பு மையங்களிலிருந்து வாங்குகின்றனர். எனவே முதல் இரண்டு பருவங்களின் தொல்லை குறைந்துவிட்டது. வீட்டிலேயே இளம்புழு வளர்ப்போர் அதற்கெனத் தோட்டத்தில் ஒரு பகுதியைத் தனியாக ஒதுக்கி, தொழு உரமும் நீரும் குறைவின்றிக் கொடுக்கவேண்டும்.

எந்தப் பருவமானாலும் சாலைப் புழுதி படிந்த இலை, துக்ரா என்னும் மாவுப்பூச்சித் தாக்குதலால் சுருண்ட இலை, சாம்பல் நோயும் இலைப்புள்ளியும் கண்ட இலை, பழுத்த இலை ஆகியவற்றைக் கழித்துவிடவேண்டும்.

பறிக்கும் நேரமும் கொண்டுவரும் முறையும்

இலையைக் காலைக் குளிர்ச்சியிலும் மாலைக் குளிர்ச்சியிலும் பறிக்கவேண்டும். நடுப்பகலில் வெயில் இலையின் நீரை உறிஞ்சியிருக்கும். அப்போது பறித்த இலை வீடு வந்து சேரும் முன்பே துவண்டுவிடும். அதிகாலையில் பனி சொட்டச் சொட்டவும் பறிக்கக்கூடாது. பனி உலரும் வரை சற்றுப் பொறுத்து, வெயில் ஏறும் முன் முடித்துவிடவேண்டும். மாலையில் பறித்த இலையில் பகல் முழுவதும் சேர்ந்த சத்து இருக்கும். இரவு உணவுக்கும் மறுநாள் காலை உணவுக்கும் அது உகந்தது.

பறித்த இலையைக் கூடையில் தளர்வாகப் போட்டு, மேலே ஈரத்துணி மூடி நிழலில் வைத்து, உடனுக்குடன் வீட்டுக்கு அனுப்பவேண்டும். கோணிப்பையில் காலால் மிதித்து அடைப்பது, மூட்டையின் மேல் உட்கார்ந்து வருவது, நெகிழிப் பையில் கட்டி வைப்பது ஆகிய மூன்றும் ஆகாதவை. கசங்கிய இலையில் சூடு விரைவில் ஏறும். தொலைவிலிருந்து வாங்கியே ஆகவேண்டிய நிலை வந்தால், தண்டோடு வெட்டி, சிறு கட்டுகளாகத் தளர்த்திக் கட்டி, இரவில் அல்லது அதிகாலையில் கொண்டுவாருங்கள். வந்து சேர்ந்ததும் முதல் வேலையாகக் கட்டுகளை அவிழ்த்துப் பரப்பிவிடவேண்டும்.

இலை எடுக்கும் கூடை வேறு, புழுப் படுக்கையின் கழிவை அள்ளும் கூடை வேறு. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. நோயுற்ற புழுவின் எச்சம் ஒட்டிய கூடையில் இலையைக் கொண்டுவந்தால், நோயை நாமே சோற்றில் பிசைந்து ஊட்டியதாகும். இரண்டு கூடைகளுக்கும் வெவ்வேறு நிறத் துணியைக் கட்டிவைத்தால் அவசரத்தில் மாறாது.

இலை வைக்கும் இடம்

இலை வைக்கும் இடம் புழு வளர்க்கும் அறைக்கு வெளியே, குளிர்ச்சியாக, இருட்டாக, சுத்தமாக இருக்கவேண்டும். சமையலறைப் புகை அங்கே எட்டக்கூடாது. தனி அறை இல்லாதவர்கள் ஐந்தடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரத்தில் சட்டப் பெட்டி செய்துகொள்ளலாம். அடிப்பக்கத்தில் காற்றுப் போகும்படி இடைவெளி விட்டு மூங்கில் பட்டைகளை அடித்து, கால் வைத்துத் தரையிலிருந்து உயர்த்தி, நான்கு பக்கமும் மேலும் சாக்கைத் தொங்கவிடவேண்டும்.

நனைக்கவேண்டியது சாக்கை, இலையை அன்று. சாக்கின் ஈரம் ஆவியாகும்போது பெட்டியின் உட்புறம் குளிரும். மண்பானையில் நீர் குளிர்வதும் இதே முறையில்தான். வெயில் காலத்தில் சாக்கை மூன்று நான்கு முறை நனைக்க நேரிடும். மழைக்காலத்தில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் நனைக்கத் தேவையில்லை; காற்றோட்டம் இருந்தால் போதும். நெகிழித் தாளையோ தார்ப்பாயையோ இலைமேல் போட்டு மூடினால் சூடும் ஈரமும் வெளியேற வழியின்றிப் புழுங்கிவிடும். தார்ப்பாய் மழைக்கு மறைப்பாக மேலே கூரை போல நிற்கலாம், இலையின்மேல் படுக்கக்கூடாது.

இலையை ஓரடி உயரத்துக்கு மேல் குவிக்காமல், சில மணிக்கு ஒருமுறை அடியிலுள்ளதை மேலே வரும்படி புரட்டிவிடவேண்டும். தண்டோடு வெட்டிய கிளைகளை, வெட்டிய முனை கீழே இருக்குமாறு சுவரோரம் நிறுத்தி, இடையிடையே காற்றுப் போக இடம் விட்டு, ஈரச் சாக்கால் மூடலாம். தண்டிலுள்ள நீர் இலைக்குப் போய்க்கொண்டிருப்பதால், உதிரி இலையைவிடத் தண்டோடுள்ள இலை அதிக நேரம் வாடாது. பெரிய புழுவுக்குத் தண்டோடு போடும் முறை ஆள் செலவையும் குறைக்கிறது.

எவ்வளவு நன்றாக வைத்தாலும் ஒரு நாளுக்குரிய இலைக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள். முந்திய இலை தீர்ந்த பின்னரே பிந்திய இலையைத் தொடவேண்டும். வாரத்தில் இரண்டு முறையாவது சாக்குகளைத் துவைத்து வெயிலில் காயப்போடவேண்டும். பூசணம் பிடித்த சாக்கு இலைக்கும் பூசணத்தைக் கொடுக்கும். பெட்டியையும் தரையையும் துடைக்க, 10 லிட்டர் நீரில் 200 கிராம் பிளீச்சிங் பவுடரும் 30 கிராம் நீற்றிய சுண்ணாம்பும் கலந்த கரைசல் ஏற்றது. துடைத்து உலர்ந்த பிறகே இலையை வைக்கவேண்டும்.

கைதான் கருவி

ஒவ்வொரு வேளையும் இலை எடுக்கும் முன் குவியலின் நடுவே கையை விட்டுப் பாருங்கள். குளிர்ச்சியாக இருந்தால் நல்ல இலை. வெதுவெதுப்பாக இருந்தால் உடனே பரப்பி ஆறவிட்டு, ஒரு பிடியை முகர்ந்து பாருங்கள். பச்சை வாசனை மட்டும் இருந்தால், ஆறியதும் துவளாத இலையைப் பொறுக்கிப் போடலாம். புளித்த வாடையோ, ஊறவைத்த வைக்கோல் வாடையோ வந்தால் அந்த இலையை மாட்டுக்கும் போடாமல் எருக்குழியில் சேருங்கள்.

இந்தச் சோதனைக்குப் பணம் வேண்டாம், நிமிடமும் ஆகாது. சோதிப்பவர் சொல்வதைக் கேட்பதுதான் முக்கியம். பெரும்பாலான வீடுகளில் இலையைத் தொட்டு எடுப்பவர்கள் பெண்கள். முட்டை வாங்குவதையும் இலை வாங்குவதையும் முடிவு செய்பவர்கள் ஆண்கள். "சூடாக இருக்கிறது" என்று வீட்டுப் பெண் சொன்னால், அது அந்தப் பருவத்தின் கூட்டைக் காப்பாற்றும் சொல் என்று எடுத்துக்கொள்ளவேண்டும். கெட்ட இலையைப் போடுவதைவிட ஒரு வேளை இலையைச் சற்றுத் தாமதித்துப் போடுவதில் நட்டம் குறைவு.

நறுக்குவதும் போடுவதும்

முதல் பருவத்தில் இலையை அரை முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை உள்ள சதுரத் துண்டுகளாக நறுக்கவேண்டும். இரண்டாம் பருவத்தில் இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் வரை இருக்கலாம். மூன்றாம் பருவத்தில் இன்னும் பெரிதாக நறுக்கலாம்; அல்லது நடுத்தர இலையை முழுதாகவே போடலாம். அதன் பிறகு நறுக்க வேண்டியதில்லை. நறுக்கிய துண்டு நான்கு பக்கமும் நீரை இழக்கும் என்பதால், போடும் நேரத்தில்தான் நறுக்கவேண்டும். கத்தியையும் பலகையையும் வேறு வேலைக்குப் பயன்படுத்தக்கூடாது. வெங்காயம் நறுக்கிய கத்தி, மிளகாய் அரிந்த அரிவாள்மனை ஆகியவை இங்கே வரக்கூடாது.

நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு முறை இலை போடலாம். இரவு நீண்ட நேரம் என்பதால் இரவு உணவு சற்றுக் கூடுதலாக இருக்கவேண்டும். புதிய இலை போடும் முன் படுக்கையைப் பாருங்கள். முன்பு போட்டது அப்படியே கிடந்தால் அளவைக் குறையுங்கள். நரம்பு மட்டும் மிஞ்சியிருந்தால் கூட்டுங்கள். மழையில் நனைந்த இலையைத் தவிர்க்க முடியாதபோது, நிழலில் கயிற்றில் தொங்கவிட்டோ, துணியில் பரப்பி விசிறியால் காற்று விட்டோ நீரைப் போக்கிய பிறகே போடவேண்டும். ஈர இலையால் படுக்கை நசநசத்து, சுண்ணாம்புக்கட்டி நோய்க்கு இடம் கொடுக்கும்.

தோலுரிக்கும் காலத்தில் புழு எதுவும் தின்னாது. தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் இருக்கும். பெரும்பாலான புழுக்கள் இந்த நிலைக்கு வந்ததும் இலையை நிறுத்தி, நீற்றிய சுண்ணாம்புத் தூளை மெல்லத் தூவி, படுக்கையை உலரவிடவேண்டும். "பாவம், பட்டினி கிடக்கிறதே" என்று இரக்கப்பட்டு இலை போட்டால், விழித்திருக்கும் சில புழுக்கள் மட்டும் தின்று முன்னேறிவிடும், வளர்ச்சி ஏறுமாறாகிவிடும். 100-க்கு 95 புழுக்கள் தோலுரித்து எழுந்த பிறகு, படுக்கைக் கிருமிநாசினியைத் தூவி, அரைமணி நேரம் கழித்து முதல் இலையைப் போடவேண்டும். அந்த முதல் இலை சற்று மென்மையானதாக இருப்பது நல்லது.

இலையோடு வரும் நஞ்சு

பூச்சிக்கொல்லிக்கு ஆளான புழு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, பச்சை நீரைக் கக்கி, உடல் சுருங்கி மடியும். நம் தோட்டத்தில் மருந்து தெளித்தால், அந்த மருந்துக்குரிய காத்திருப்பு நாட்கள் முடியும் வரை இலை பறிக்கக்கூடாது. பக்கத்துக் கத்தரி, பருத்தி, மா ஆகியவற்றுக்கு எப்போது தெளிக்கப்போகிறார்கள் என்பதை அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. காற்றடிக்கும் பக்கத்து வரிசைகளில் இலை பறிக்க நேர்ந்தால், முதலில் ஒரு தட்டில் சில புழுக்களுக்கு மட்டும் போட்டு, ஒரு நாள் கவனித்துவிட்டு மற்றவற்றுக்குப் போடுங்கள்.

புகையிலைப் பயிருக்கு அருகிலுள்ள மல்பெரி இலை ஆகவே ஆகாது. வாயில் புகையிலை அடக்கிய கையோடும், பீடி சிகரெட் பிடித்த கையோடும் இலையைத் தொடக்கூடாது. வீட்டில் ஏற்றும் கொசுவத்திச் சுருளும், கொசுவை விரட்டும் மின்சாதனமும் பட்டுப்புழுவுக்கு நஞ்சு. இலை வைக்கும் அறையிலும் புழு அறையிலும் அதையொட்டிய அறையிலும் அவற்றைப் பயன்படுத்தாமல், கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். இலை எடுக்கும் முன் சோப்புப் போட்டுக் கைகழுவ மறவாதீர்கள்.

மாவு உணவு வீட்டுக்கு ஆகுமா?

இலைக்குப் பதிலாக மாவு உணவை வீட்டில் தயாரிக்கமுடியுமா என்று படித்த இளைஞர்கள் சிலர் கேட்கின்றனர். உலர்ந்த மல்பெரி இலைத் தூள், சோயா மொச்சை மாவு, கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர், வைட்டமின்கள், கெடாமல் காக்கும் பொருள்கள் ஆகியவற்றை நீரில் பிசைந்து, வேகவைத்து, கட்டியாக்கி வளர்க்கும் முறையை ஜப்பானில் 1960 முதல் உருவாக்கினார்கள். இளம்புழுவுக்கு அது அங்கே பயன்பட்டது. ஆனால் அந்த உணவில் பூசணமும் பாக்டீரியாவும் எளிதில் வளரும் என்பதால், அறை, கருவி, காற்று எல்லாமே மிகத் தூய்மையாக இருக்கவேண்டும். தின்னும் புழுவும் அதற்கேற்ற இனமாக இருக்கவேண்டும். நம் வீடுகளில் 100 முட்டைக்கு ஒரு டன் உணவை அப்படித் தயாரிப்பது கட்டுப்படியாகாது. அதே உழைப்பைத் தோட்டத்து இலையைக் காப்பதில் செலவிடுவதே ஆதாயம்.

மேலே சொன்ன குடும்பம் அடுத்த பருவத்தில் 150 முட்டையோடு நிறுத்திக்கொண்டது. மனையின் வடபுறத்தில் செங்கல் அடுக்கி, சாக்குத் தொங்கவிட்டு, இலைக்கென ஓர் இடம் கட்டினார்கள். நான் போனபோது அந்த அம்மாள் என்னை உள்ளே அழைத்து, "கையை விட்டுப் பாருங்கய்யா" என்றார். இலை குளிர்ச்சியாக இருந்தது. அந்தப் பருவத்தில் புழு குறையாமல் கூடு கட்டியது. போன பருவத்தின் நட்டம் அதனால் முழுவதும் அடையவில்லை. ஆனால் மகளின் படிப்பு நிற்கவில்லை.

புழு வளர்ப்போர் அனைவரும் அடுத்த முட்டைக்குச் சொல்லும் முன் தோட்டத்து இலையை எடை போட்டு, வீட்டில் இலைக்கென ஓர் இடத்தை ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். உங்கள் பகுதிக்கேற்ற மேல்விவரங்களுக்கு அருகிலுள்ள பட்டு வளர்ச்சித் துறை அலுவலர்களை அணுகலாம். போகும்போது வீட்டில் இலையைத் தொட்டு எடுப்பவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.